தலையாட்டியதும் சம்மதம்தான்

2022 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்திய நியூஜெர்ஸியில் மகன் படிக்கும் அரசுப் பள்ளியில் ஒரு சின்ன அறை, வட்ட மேசை, குழந்தைகள் உட்காரும் குட்டை நாற்காலிகள். எதிரே பிரின்சிபால், கிண்டர்கார்டன் ஆசிரியை, கவுன்சிலர். இந்தப் பக்கம் நானும் என் கணவரும். அவர்கள் மூவரும் மாறி மாறிப் பேசினார்கள். நாங்கள் தலையாட்டினோம்.

திருநெல்வேலிப் பக்கம் ஒருவர் பேசும்போது எதிரே இருப்பவர் தலையாட்டாமல் இருந்தால் பேசுகிறவருக்கே பேச்சு ஓடாது. 'நீங்க சொல்றது காதுல விழுது' என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. அன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நன்றி, வணக்கம் எல்லாம் போக நடுவில் ஒரு வரி: மகனுக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்று பார்க்கும் மதிப்பீடு எதுவும் இப்போது வேண்டாம், வசந்த காலம் வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று பெற்றோர் ஒப்புக்கொண்டார்கள்.

"ஏங்க, நீங்க எப்ப ஒத்துக்கிட்டீங்க?"

"நான் எங்க ஒத்துக்கிட்டேன்? நீதான் மண்டைய மண்டைய ஆட்டிக்கிட்டு இருந்த."

அன்று இரவு நாங்கள் போட்ட சண்டை பக்கத்து அப்பார்ட்மென்ட் வரை கேட்டிருக்கும். மூன்று வருஷம் கழித்து யோசித்தால், சண்டைக்கு அவசியமே இல்லை. இருவருமேதான் ஆட்டினோம்.

அவனுக்கு ஆட்டிசம் இருக்கிறது என்பது சென்னையில் மூன்றரை வயதிலேயே தெரியும். 2021-ல் இங்கே வந்தோம். இங்கே பள்ளியில் எல்லாம் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அது பொய்யில்லை, ஆனால் அரைகுறையான உண்மை. பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஐ.டி.இ.ஏ. என்ற மத்தியச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் தானாக எழுந்து வந்து கதவைத் தட்டாது.

கிண்டர்கார்டன் தொடங்கிய இரண்டாவது வாரத்திலிருந்து பள்ளியிலிருந்து போன் வர ஆரம்பித்தது. அழுகிறான், காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டான், வந்து கூட்டிப் போக முடியுமா? நான் கணவரின் வேலை விசாவை ஒட்டிய எச்-4 விசாவில் வீட்டில் இருக்கிறவள், கூப்பிட்டால் ஓடிவிடுவேன். சமையலறையில் ஊரிலிருந்து அத்தை அனுப்பிய மாதக் காலண்டர் தொங்கும். ராகுகாலம், எமகண்டம் போட்டிருக்கும் கட்டத்திலேயே '11.40, கூப்பிட்டாங்க', '12.10, கூப்பிட்டாங்க' என்று பால் கணக்கு மாதிரி எழுதி வைத்தேன். எதற்கு எழுதினேன் என்று எனக்கே தெரியாது, ஆற்றாமையாக இருக்கலாம். டிசம்பருக்குள் பதினான்கு தடவை ஆகியிருந்தது. குழந்தையின் இயலாமையால் வரும் நடத்தைக்காக இப்படி அடிக்கடி 'வந்து கூட்டிப் போங்க' என்பதையும் வகுப்பிலிருந்து வெளியேற்றும் கணக்கில் சேர்க்கலாம் என்று மத்தியக் கல்வித்துறை 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. அதைப் பின்னால்தான் படித்தேன். அந்தக் காலண்டர்தான் எங்கள் முதல் சாட்சியம்.

தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது ஓர் அக்காவைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், டவுன் சிண்ட்ரோம் உள்ள மகளை இங்கே பள்ளி முடிக்கும்வரை படிக்க வைத்தவர். நான் புலம்பியதை எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பிள்ளை, வாயால கதைச்சதெல்லாம் காத்தோட போயிடும். எழுதிக் குடுங்கோ. குடுத்த திகதியையும் எழுதி வையுங்கோ."

அன்று இரவு நாலு வரியில் ஒரு கடிதம் எழுதினேன். என் மகனுக்கு இயலாமை இருக்கிறது, அது அவன் படிப்பைப் பாதிக்கிறது. சிறப்புக் கல்விக்கான மதிப்பீடு செய்யக் கோருகிறேன். கூட்டங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இது கிடைத்த தேதியை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். பள்ளி மாவட்டத்தின் (ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) சிறப்புக் கல்வி இயக்குநருக்கும் பிரின்சிபாலுக்கும் மின்னஞ்சல் செய்தேன். ஒரு பிரதியை நேரில் கொண்டுபோய் ஆபீஸில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டேன். முத்திரை கேட்டதும் அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்துப் பழகிய குடும்பம் எங்களுடையது, எனக்கு அதில் கூச்சமில்லை.

மூன்று மாதம் வாயால் கேட்டு நடக்காதது அந்த நாலு வரியில் நடந்தது. நியூஜெர்ஸி விதிப்படி எழுத்தில் கோரிக்கை கிடைத்தால் 20 நாள்களுக்குள் கூட்டம் போட வேண்டும் (பள்ளி விடுமுறை நாள்கள் கணக்கில் வராது, கோடை விடுமுறை நாள்கள் கணக்கில் வரும்). மதிப்பீட்டுக்கு நாம் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 90 நாள்களுக்குள் மதிப்பீடு முடிந்து, தகுதி முடிவாகி, ஐ.இ.பி. எழுதி, நடைமுறைக்கும் வந்துவிட வேண்டும். ஐ.இ.பி. என்பது அந்தக் குழந்தைக்காக மட்டும் எழுதும் கல்வித் திட்டம்: என்ன இலக்கு, வாரத்தில் எத்தனை நிமிஷம் ஸ்பீச் தெரபி, கூட உதவியாளர் உண்டா, எந்த வகுப்பில் உட்காருவான், எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதில் எழுதாதது உங்களுக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் அது அந்த ஆசிரியையின் நல்ல மனசு. அவர் மாறினால் அதுவும் போய்விடும்.

மதிப்பீட்டு நாளன்று பள்ளி ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர் போனில் வந்தார். "நமஸ்தே" என்றார். இந்தியர்கள் என்றால் இந்தி என்று யாரோ குறித்திருக்கிறார்கள். நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கூட்டத்தைத் தள்ளி வையுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே, சமாளிக்கலாம் என்று விட்டுவிட்டோம். நான் செய்த தவறுகளிலேயே பெரியது இதுதான். எங்களுக்குத் தெரியும், ஐந்து வயதுப் பையனுக்கு எங்கே தெரியும்?

அறிக்கை வந்தது. கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் அறிக்கை பெற்றோர் கையில் இருக்க வேண்டும் என்பது இந்த மாநில விதி. இதைக் கேட்டு வாங்குங்கள், கூட்டத்தில் மேசைமேல் வைத்துத் தள்ளினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அறிக்கையில் அவனுடைய அறிவுத்திறன் எண் மிகக் குறைவாக இருந்தது. படம் காட்டிப் பெயர் கேட்டிருக்கிறார்கள். ஆனையை 'ஆனை' என்றான், தப்பு. குடையைக் 'கொடை' என்றான், தப்பு. ஒரு படத்தைப் பார்த்து 'அம்மா தோச சுடுறா' என்று முழு வாக்கியமே சொல்லியிருக்கிறான். 'புரியாத ஒலிகள் எழுப்பினான்' என்று குறித்திருந்தார்கள். அந்த வரியைப் படித்துவிட்டு நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்கு முன்பே ஒரு தெரபிஸ்ட் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்லி, நாங்களும் நாலு மாதம் அப்படியே பேசியிருந்தோம். பையன் பேசிக்கொண்டிருந்ததையும் குறைத்துவிட்டான். வாட்ஸாப்பில் ஆச்சி கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு கெடும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. உங்களிடம் யாராவது தமிழை நிறுத்தச் சொன்னால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள்.

சட்டத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. குழந்தைக்குப் பழகிய மொழியில், அவனால் என்ன முடியும் என்பது சரியாகத் தெரிய வரும் விதத்தில் மதிப்பிட வேண்டும். ஆங்கிலம் போதாது என்பதையே காரணமாக வைத்து ஒரு குழந்தையை இயலாமை உள்ளவன் என்று முடிவு கட்டக்கூடாது. எங்கள் மகனுக்கு ஆட்டிசம் இருப்பது உண்மை, அதில் தகராறு இல்லை. அந்த எண்தான் பொய். 2023 ஏப்ரலில் முதல் ஐ.இ.பி.யில் கையெழுத்துப் போட்டபோது, பொது வகுப்பிலேயே இருக்கிறான், ஸ்பீச் தெரபியும் உதவியாளரும் கிடைக்கிறார்கள், பிறகென்ன என்று எண்ணைக் கண்டுகொள்ளாமல் விட்டோம்.

அந்த எண் ஒரு வருஷம் கோப்பில் தூங்கிவிட்டு 2024 ஏப்ரலில் எழுந்தது. வருடாந்திரக் கூட்டத்தில், வேறொரு பள்ளியில் இயலாமை உள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே இருக்கும் தனி வகுப்புக்கு அவனை மாற்ற மாவட்டம் பரிந்துரைத்தது. காரணமாகக் காட்டியது அதே எண். அவன் கோப்பைப் பார்த்துக்கொள்ளும் கேஸ் மேனேஜர் அன்பானவர், இன்றும் அவரை நான் குறை சொல்லமாட்டேன். "அங்கே சின்ன வகுப்பு, அவனுக்கு நிம்மதியாக இருக்கும்" என்றார். என் கழுத்து ஆட ஆரம்பித்தது. கணவர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நாம் சொல்வது நியூஜெர்ஸியில் கிட்டத்தட்ட சட்டம். முதல் ஐ.இ.பி.க்குத்தான் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். அதன் பிறகு வருவதற்கு நாம் கையெழுத்துப் போடாவிட்டாலும், எழுத்தில் அறிவிப்புக் கிடைத்து 15 நாள் சும்மா இருந்தால் அது நடைமுறைக்கு வந்துவிடும். 'நான்தான் கையெழுத்துப் போடலையே' என்று வீட்டில் உட்கார்ந்திருந்து ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று குடும்பம். 'எனக்கு உடன்பாடில்லை' என்று மின்னஞ்சல் அனுப்பினாலும் போதாது. அந்த 15 நாளுக்குள் மாநிலக் கல்வித்துறையிடம் மீடியேஷனோ (நடுவர் முன்னால் சமரசப் பேச்சு) டியூ ப்ராசஸ் விசாரணையோ (நீதிபதி முன்னால் முறையான விசாரணை) கோரி மனுப் போட வேண்டும். போட்டுவிட்டால் வழக்கு முடியும்வரை குழந்தை இப்போது இருக்கும் இடத்திலேயே இருப்பான். இதை 'ஸ்டே புட்' என்பார்கள். நாங்கள் பன்னிரண்டாவது நாள் போட்டோம். முதல் ஐந்து நாள் அழுகையிலும், அடுத்த ஐந்து நாள் பயத்திலும் போய்விட்டன.

பயம் விசாவைப் பற்றியது. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம், அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றால் என்ன ஆகுமோ? ஊரில் மாமனார் போனில், "படிக்கப் போன இடத்துல வாத்தியார எதுத்துப் பேசலாமா?" என்றார். எங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டோம். பள்ளியில் கிடைக்கும் சிறப்புக் கல்வி, கிரீன் கார்டுக்குப் பார்க்கும் அரசு உதவிக் கணக்கில் வராது, பள்ளி மாவட்டத்தின்மீது மனுப் போடுவது குற்றமும் இல்லை என்றார். இப்படியொரு பயம் இருந்தால் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் கேட்டுக் குழம்பாதீர்கள். உங்கள் வழக்கறிஞரிடம் நேராகக் கேளுங்கள்.

சிறப்புக் கல்வி வழக்கறிஞர்கள் சிலரிடமும் பேசினோம். மணிக்கணக்கில் வாங்கும் கட்டணத்தைக் கேட்டபோது எங்கள் வீட்டு வாடகை ஒரே மத்தியானத்தில் கரைந்துவிடும் போலிருந்தது. வென்றால் வழக்கறிஞர் கட்டணத்தை மாவட்டத்திடமிருந்து கேட்கலாம். ஆனால் நம் தரப்பில் சாட்சி சொல்ல அழைக்கும் நிபுணரின் செலவைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எங்களுக்குக் கைகொடுத்தது இலவச உதவிதான். நூவர்க்கில் ஸ்பான் என்ற பெற்றோர் அமைப்பு இருக்கிறது. போன் எடுப்பவர்களில் பலரே இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர்தான். அதே ஊரில் எஜுகேஷன் லா சென்டர், ட்ரென்டனில் டிஸெபிலிட்டி ரைட்ஸ் நியூஜெர்ஸி, ரட்கர்ஸ் சட்டக் கல்லூரியில் மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் வழக்கை எடுத்து நடத்தும் கிளினிக். எல்லோருக்கும் எல்லா வழக்கையும் எடுக்க முடியாது, காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் எங்கே மனுப் போடுவது, எந்த வார்த்தையைப் போடுவது என்று போனிலேயே சொல்லிக் கொடுக்கிறவர்கள் கிடைத்தார்கள். அது எங்களுக்குப் பாதிக் கிணறு.

அப்படிப் பேசியவர்களில் ஒருவர்தான் ரஃபேல் ஒபெர்ட்டி வழக்கைப் பற்றிச் சொன்னார். இதே நியூஜெர்ஸியில் கிளெமென்டன் என்ற சின்ன ஊரில் டவுன் சிண்ட்ரோம் உள்ள சிறுவன். மாவட்டம் அவனைத் தனி வகுப்பில்தான் வைப்பேன் என்றது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1993-ல் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. உதவியாளர், பாடத்தை மாற்றித் தருவது, ஆசிரியருக்குப் பயிற்சி என்று பொது வகுப்பில் செய்யக்கூடியதை எல்லாம் உண்மையாகவே யோசித்துப் பார்க்காமல் குழந்தையை அங்கிருந்து எடுக்கக்கூடாது. யோசித்தோம் என்று நிரூபிக்க வேண்டியதும் மாவட்டம்தான். இடையில் 2005-ல் உச்ச நீதிமன்றம், சட்டம் வேறு மாதிரிச் சொல்லாதவரை நிரூபிக்கும் சுமை வழக்குப் போட்டவருக்குத்தான் என்று சொல்லிவிட்டது. நியூஜெர்ஸி சட்டமன்றம் 2008-ல் தனிச் சட்டம் போட்டு அந்தச் சுமையை மறுபடி மாவட்டத்தின் தலையில் வைத்தது. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இதை அப்படியே நம்பிப் போய்விடாதீர்கள், உங்கள் மாநில விதி வேறாக இருக்கும்.

எண்ணைக் கவிழ்க்க வேண்டியிருந்தது. மாவட்டத்தின் மதிப்பீடு பிடிக்கவில்லை என்றால் மாவட்டத்தின் செலவிலேயே வெளி நிபுணரை வைத்து மதிப்பிடக் கோரலாம். ஐ.இ.இ. என்பார்கள். இங்கே அவர்களுக்கு 20 நாள் அவகாசம். ஒன்று, பணம் கொடுக்க வேண்டும். இல்லை, தங்கள் மதிப்பீடு சரியானதுதான் என்று அவர்களே விசாரணைக்குப் போக வேண்டும். ஏன் பிடிக்கவில்லை என்று அவர்கள் கேட்கலாம், ஆனால் நாம் சொல்லியே தீர வேண்டும் என்பதில்லை. நான் சொன்னேன். 'புரியாத ஒலிகள்' என்ற வரியை மேற்கோள் காட்டி, அந்த ஒலிகளுக்கு ஆங்கிலத்தில் பொருள் எழுதி, சொல்லுக்குச் சொல் அட்டவணை போட்டு அனுப்பினேன். ஒரு வரிசையில் தோசை சுடும் அம்மாவும் இருந்தாள்.

ஜூனில் மீடியேஷன். மாநிலம் அனுப்பிய நடுவர், கட்டணம் கிடையாது. பெரிய கோர்ட் காட்சி எதுவும் இல்லை, காபி வாசனை அடிக்கும் ஒரு கான்ஃபரன்ஸ் அறை. நடுவர் முதலில் கேட்டது காலண்டரைத்தான். ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தேன், அசலையும் எடுத்துப் போயிருந்தேன். முருகன் படத்தோடு அதை மேசையில் விரித்ததும் மாவட்டத்தின் வழக்கறிஞர் குனிந்து பார்த்தார். உதவியாளர் இல்லாத மாதங்களில் பதினான்கு, வந்த பிறகு ஒரு வருஷத்தில் மூன்று. 'பொது வகுப்பில் சமாளிக்க முடியவில்லை' என்ற வாதத்துக்கு அதற்கு மேல் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாலு மணி நேரத்தில் முடிந்தது. பொது வகுப்பு தொடரும், உதவியாளர் நாள் முழுதும், கணக்குக்கு மட்டும் சிறு குழு, தமிழ் தெரிந்த நிபுணரை வைத்து ஐ.இ.இ. எல்லாம் எழுத்தில், இரு தரப்பும் கையெழுத்திட்டு. கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. கோடைக்கால வகுப்பை விட்டுக்கொடுத்தோம். அதில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அந்தக் கோடையில் தமிழும் ஆங்கிலமும் கலந்து நடந்த மதிப்பீட்டில் அவன் எண் சராசரிக்குச் சற்றுக் கீழே வந்தது. அறிக்கையில் அவன் சொன்ன தமிழ் வாக்கியங்கள் பொருளோடு இருந்தன.

சின்னச் சண்டைகளும் உண்டு. ஸ்பீச் தெரபிஸ்ட் பிரசவ விடுப்பில் போனபோது ஏழு வாரம் ஒரு அமர்வும் நடக்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. பையன் பையில் வரும் ஸ்டிக்கர் நின்றதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அமர்வுப் பதிவேட்டைக் கேட்டு எழுதினேன், விட்டுப்போனதை ஈடு செய்யச் சொன்னேன், செய்தார்கள். செய்யாவிட்டால் மாநிலத்துக்குப் புகார் எழுதலாம். நடந்து ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும், மாநிலம் 60 நாளில் பதில் சொல்ல வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. பாகுபாடு பற்றிய புகார்களைக் கேட்கும் மத்தியக் கல்வித்துறையின் குடிமை உரிமைப் பிரிவில் 12 வட்டார அலுவலகங்களில் 7-ஐ 2025 மார்ச்சில் மூடிவிட்டார்கள். எங்கள் பகுதிக்கான நியூயார்க் அலுவலகமும் அதில் போய்விட்டது. அதனால் இப்போது முதலில் தட்ட வேண்டியது மாநிலத்தின் கதவு.

சில சமயம் இவ்வளவு காகிதமா என்று சலிப்பு வரும். அப்போது 1975-ஐ நினைத்துக்கொள்வேன். அந்த ஆண்டு நவம்பரில்தான் அதிபர் ஃபோர்டு இந்தச் சட்டத்தின் முதல் வடிவத்தில் கையெழுத்திட்டார். அதற்கு முன் நாட்டில் 10 லட்சம் இயலாமை உள்ள குழந்தைகள் அரசுப் பள்ளிக்குள்ளேயே நுழைய முடியாமல் இருந்தார்கள் என்று அந்த முதல் சட்டத்திலேயே எழுதியிருந்தது. நான் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்பு நடந்த கதைதான்.

இந்த வருஷம் அவன் மூன்றாம் வகுப்பு. மாணவனைக் கூட்டத்துக்குக் கட்டாயம் அழைக்க வேண்டியது 14 வயதில்தான், ஆனால் வர விரும்பினால் எப்போதும் வரலாம். போன கூட்டத்தில் பத்து நிமிஷம் உட்கார வைத்தோம். எதற்காக இரண்டு வருஷம் கடிதம் எழுதினோமோ அந்த உதவியாளரைப் பற்றித்தான் பேசினான். "அவங்க என் பக்கத்துல உக்கார வேண்டாம். பின்னாடி உக்காரட்டும்" என்று முதலில் என்னிடம் தமிழில், பிறகு அவர்களிடம் ஆங்கிலத்தில். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேஸ் மேனேஜர் என்னைப் பார்த்தார். என் கழுத்து எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அன்று இரவே மின்னஞ்சல் அனுப்பினேன்: இன்றைய கூட்டத்தில் என் மகன் கேட்டது இது, இதை அவனுடைய ஐ.இ.பி.யில் சேர்க்கக் கோருகிறேன்.